அரைப் பொட்டு

முதுநகரில் ஒரு சாவு விழுந்தால், வாசலில் பந்தல் கட்டி முடிப்பதற்குள் ஊர் காரணத்தைக் கண்டுபிடித்துவிடும். டாக்டர் அப்புறம்தான் வருவார்; போலீஸ் அதற்கும் அப்புறம். பக்கிரி விஷயத்திலும் அப்படித்தான். பொன்னுரங்கம் ஐஸ் கம்பெனியில் விஜயதசமியன்று அமோனியா கசிந்தது. ஊத வேண்டிய சங்கு ஊதவில்லை. கம்ப்ரஸர் அறையில் வேலையாக இருந்த பக்கிரி அங்கேயே விழுந்தான். சங்கு ஏன் ஊதவில்லை? அதே கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் அவன் பெண்டாட்டி அஞ்சம்மாள், ஆயுத பூஜைக்குத் துடைக்கிறேன் என்று கம்ப்யூட்டர் ஒயர்களைப் பிடுங்கி, மாற்றிச் சொருகிவிட்டாள். முடிந்தது. டீக்கடையில் விசாரணை, மீன் ஏலக் கூடத்தில் தீர்ப்பு.

தண்டனையும் தயார். நாளைக்குக் கருமாதி. அஞ்சம்மாள் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று பக்கிரியின் அண்ணன் சின்னையன் சொல்லிவிட்டான். கொன்றவள் கையால் தன் தம்பிக்கு ஒரு பிடி சோறு வைக்க விடமாட்டானாம்.

இவ்வளவும் செந்தமிழ்செல்வனுக்கு ஒரு டீயும் ஒரு வடையும் உள்ளே போவதற்குள் கிடைத்தது. டீ மாஸ்டருக்கு இரண்டு கை வேலை செய்தால் வாய் தனியாக வேலை செய்யும் போலிருக்கிறது.

பக்கத்தில் சந்திரலேகா டீயைத் தொடாமல் நின்றிருந்தாள். சிதம்பரம் கீழ வீதியில், போட்டோ ஸ்டூடியோவுக்கு மேல் மாடியில், துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டியிருப்பவள். வருஷக்கணக்கில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கிளெய்ம் பிடித்துப் பிடித்து, பக்கத்து வீட்டில் யாராவது இருமினால்கூட அது நிஜ இருமலா என்று காது கொடுக்கிற பழக்கம் வந்துவிட்டது. செந்தமிழ்செல்வன் அவள் புருஷனின் தம்பி; உதவியாளன். சம்பளம் உண்டா என்று கீழ வீதியில் பலருக்குச் சந்தேகம். சாப்பாடு உண்டு என்பதில் மட்டும், அவனைப் பார்த்தவர்களுக்கு, சந்தேகமே வராது.

"தம்பி, உன் பிரெண்டு நேத்து சொன்னதை இன்னொரு தடவை சொல்லு" என்றாள் சந்திரலேகா. "புரியற மாதிரி."

"உங்களுக்குப் புரியற மாதிரியா, எனக்குப் புரிஞ்ச மாதிரியா அண்ணி?"

"ரெண்டும் ஒண்ணா இருந்தா நல்லாருக்கும்."

அந்தப் பிரெண்டு அருண்பாண்டியன். செந்தமிழோடு பாலிடெக்னிக்கில் படித்தவன், இப்போது சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் கடை. ஐஸ் கம்பெனியின் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்ததும் அவன்தான், இந்தக் கேஸைக் கொண்டுவந்ததும் அவன்தான். அஞ்சம்மாளோடு அவன் பெயரையும் சேர்த்துவிடலாமா என்று இன்ஸ்பெக்டர் யோசிக்கிறாராம். ஒயர் மாறினால் ஆளே போகிற மாதிரி எதற்கடா செய்தாய் என்று கேள்வி. தவறு கையில்தான், கம்ப்யூட்டரில் இல்லை என்று அசைக்க முடியாமல் நிரூபித்துக் கொடுங்கள் என்று நேற்று வந்து நின்றான்.

"அந்தக் கம்ப்யூட்டர்ல ரெண்டு சாமான் மாட்டியிருக்கு" என்று செந்தமிழ் ஆரம்பித்தான். "ஒண்ணு கேஸ் சென்சார். கசிவைக் கண்டுபிடிச்சா கம்ப்யூட்டர் சங்கை ஊதும். இன்னொண்ணு கணக்குப்பிள்ளை ஞானசேகரனோட புள்ளிப் பலகை. அவருக்குக் கண்ணு கிடையாது. ஸ்கிரீன்ல இருக்கற எழுத்தெல்லாம் அந்தப் பலகையில புள்ளி புள்ளியா எழும்பும், விரலால தடவிப் படிச்சுக்குவாரு."

"சரி."

"இப்ப பஸ் ஸ்டாண்டை நெனைச்சுக்குங்க. கம்ப்யூட்டருக்குள்ள கெர்னல்னு ஒருத்தர் இருக்காரு, அவரு டைம் கீப்பர். வெளியிலருந்து எந்தச் சாமான் வந்து இறங்கினாலும், அதைக் கூட்டிட்டுப் போக டிரைவர்னு ஒரு புரோகிராமைக் கூப்பிடுவாரு. சென்சாருக்கு ஒரு பஸ்ஸு, பலகைக்கு ஒரு பஸ்ஸு. பிரச்சினை என்னான்னா, ரெண்டு ஒயருக்குள்ளயும் ஒரே சிப்பு. ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி ஒரே மூஞ்சி. ரெண்டு பஸ் கண்டக்டரும் 'எங்க ஆளு, எங்க ஆளு'ன்னு பையைப் புடிச்சு இழுப்பாங்க. இதுல பலகை கண்டக்டர் முரடன். விட்டா ரெண்டு பேரையும் தன் பஸ்லயே ஏத்திக்குவான். சென்சாரு எங்க போறோம்னே தெரியாம ஊமையா உக்காந்திருக்கும்."

"அதுக்கு உன் பிரெண்டு என்ன செஞ்சான்?"

"ஒரு வரி எழுதி வெச்சான். மேல் ஓட்டையில வர்றது சென்சாரு, பலகைக்காரன் தொடக் கூடாது. கீழ் ஓட்டையில வர்றது பலகை, சென்சார்காரன் தொடக் கூடாது. அவ்வளவுதான், சண்டை தீர்ந்துது. கடையிலருந்தே அப்பப்ப அந்தக் கம்ப்யூட்டருக்கு அப்டேட்டும் போட்டுக்குவான். ஆனா ஒயரு ஓட்டை மாறிடுச்சுன்னா ரெண்டு பேரும் தப்பான பஸ்ஸு. ரெண்டுமே செத்துடும். மச்சான் அதைத்தான் பாயிண்டா சொன்னான். போலீஸ் எக்ஸ்பர்ட்டு வந்து பார்த்தப்ப வரி சரியா இருந்துது, ஒயருதான் மாறியிருந்துது."

"சென்சார் ஊமையானா கம்ப்யூட்டர் ஒண்ணும் சொல்லாதா?"

"சொல்லும். ஸ்கிரீன் மூலையில சின்னதா ஒரு சிவப்புப் படம் வரும். எழுத்து இல்லாததால பலகையில எழும்பாது." செந்தமிழ் வடைக் காகிதத்தைக் கசக்கினான். "அந்த ஸ்கிரீனுக்கு முன்னாடி உக்கார்றது ஞானசேகரன், அண்ணி."

சந்திரலேகா ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு நடந்தாள்.

அஞ்சம்மாளின் வீட்டைக் கண்டுபிடிக்க யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. குப்பத்தில் எந்த வீட்டு வாசலில் ஆள் இல்லையோ, அதுதான். துக்க வீட்டில் பாய் விரித்திருந்தது. உட்கார ஒருவரும் வரவில்லை. பந்தல், கூட்டம், சமையல் எல்லாம் நாலு வீடு தள்ளி சின்னையன் வாசலில் நடந்துகொண்டிருந்தன.

அஞ்சம்மாள் சுவரில் சாய்ந்து, தன் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கைதாங்க யக்கா" என்றாள், கேட்பதற்கு முன்பே. "போலீஸ்லயும் சொல்லிட்டேன். நாந்தான் புடுங்கினேன், நாந்தான் சொருவினேன். மேல இருந்தது எது, கீழ இருந்தது எதுன்னு பார்த்துத்தான் சொருவினேன்னு நெனைச்சேன். அப்புறம் எப்பிடி மாறும்? எனக்குத்தான் புத்தி பெசகியிருக்கு."

"ஒயரைப் புடுங்கிட்டுத் துடைக்கச் சொன்னது யாரு?"

"அவுருதான்." புருஷன் என்ற சொல் வரவில்லை. "ஆயுத பூஜைன்னா அவுருக்குப் பொட்டி, மிஷினு எல்லாம் பளபளன்னு இருக்கணும். பின்னாலயே நின்னுக்கிட்டு, 'சங்கு ஊதுற பொட்டிடி, அதுக்கு ஒழுங்கா வையி'ன்னாரு. சந்தனம் கொழைச்சு, ஒயரும் பொட்டியும் சேர்ற எடத்துல பெருசா வெச்சேன். மேல் ஒயருக்குச் சந்தனமும் குங்குமமும் வெச்சேன். கீழ் ஒயருக்கு வரும்போது குங்குமம் தீந்துபோச்சு. வெறும் சந்தனம்தான்." அவள் குரல் இறங்கியது. "அதுவே ஒரு குத்தமாயிடுச்சோ என்னமோ. அவுருகூடச் சொன்னாரு, 'போய்க் குங்குமம் வாங்கியாடி'ன்னு. நாந்தான் சோம்பலு."

செந்தமிழ்செல்வனுக்கு வாயில் எப்போதும் ஒரு ஜோக் ரெடியாக இருக்கும். அதை விழுங்கிக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

"அவரு போன அன்னிக்கி உன்கூட யாராவது இருந்தாங்களா அஞ்சம்மா?"

"யாரு இருப்பா? கம்பெனி வாசல்ல அவுரைக் கொண்டாந்து போட்டுட்டாங்க. எல்லாம் எட்டி நின்னு வேடிக்கை பார்த்துதுங்க. கம்ப்யூட்டரு வெச்சுக் குடுத்த அந்தச் சிதம்பரத்துத் தம்பி ஒண்ணுதான். மொதலாளி போன் பண்ணி வரவழைச்சாரு. ஆபீஸ் ரூம்லருந்து வெளிய வந்து, பாட்டில் தண்ணியத் தொறந்து என் கையில குடுத்துச்சு. 'அழாதீங்கக்கா, நீங்க வேணும்னேவா செஞ்சீங்க? கை தவறுறதுதானே'ன்னு சொல்லும்போது அதுக்கே கண்ணு கலங்கிடுச்சு."

செந்தமிழுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. நம்ம மச்சான்!

"ஒயர் மாறியிருக்குன்னு எக்ஸ்பர்ட்டு எப்ப வந்து சொன்னாரு?" என்று சந்திரலேகா, சம்பந்தமில்லாத எதையோ கேட்டாள்.

"பாலு ஊத்தி முடிச்சதுக்கு அப்புறந்தான் வந்தாரு. அதுக்கப்புறந்தான் சின்னையன் மச்சாண்டாரு என்னை வெளிய போன்னாரு."

கிளம்பும்போது அஞ்சம்மாள் எழுந்து வாசல்வரை வந்தாள். "யக்கா, நாளைக்குத் தூரமா நின்னு பார்த்துட்டு வந்துடறேன்னு சின்னையன் மச்சாண்டாருகிட்டச் சொல்றீங்களா? கிட்டக்க வரமாட்டேன். பார்க்க மட்டும்."

சந்திரலேகா செருப்பை மாட்டிக்கொண்டாள். அவளுக்குப் பொய் ஆறுதல் வராது. அந்தப் பாடத்தில் அவள் எப்போதும் பெயில்.

ஐஸ் கம்பெனி ஆபீஸ் அறையைப் போலீஸ் அன்றைக்கே பூட்டியிருந்தது. எக்ஸ்பர்ட் வந்தபோது ஒரு தடவை திறந்தார்கள், அவ்வளவுதான். இன்ஸ்பெக்டரிடம் போனில் அனுமதி வாங்கியிருந்ததால் ஏட்டு ஒருவர் சாவியோடு காத்திருந்தார். கதவைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கினார். வாடை இருந்ததா, நினைப்பா, தெரியவில்லை. மூவருமே ஒரு வினாடி உள்ளே கால் வைக்கவில்லை.

மேஜை மேல் கம்ப்யூட்டர் பெட்டி. பக்கத்தில் ஞானசேகரனின் புள்ளிப் பலகை, ஹார்மோனியத்தை நசுக்கிச் சின்னதாக்கியது போல. பூஜையின் மிச்சம் எல்லாவற்றிலும் இருந்தது. ஸ்டேப்ளருக்கும் பொட்டு, பஞ்சிங் மிஷினுக்கும் பொட்டு, டெலிபோனுக்கு நெற்றி நிறைய.

"கால்குலேட்டருக்கு மட்டும் வெக்கல" என்றான் செந்தமிழ். "நாத்திகக் கால்குலேட்டரா இருக்கும்."

சந்திரலேகா பெட்டியைச் சுவரிலிருந்து மெல்லத் திருப்பி, பின்பக்கம் செல்போன் வெளிச்சத்தை அடித்தாள். மேல் ஓட்டையில் ஒரு கறுப்பு ஒயர், கீழ் ஓட்டையில் ஒரு கறுப்பு ஒயர். கூடப்பிறந்தவை மாதிரி இரண்டும் ஒன்று போலவே இருந்தன. ஒயரின் தலையும் பெட்டியும் சேருகிற இடத்தில், பாதி இதன்மேல் பாதி அதன்மேல், தடியாகக் காய்ந்த சந்தனம்.

"எக்ஸ்பர்ட்டு இதைப் பார்த்திருப்பாரு இல்ல?" என்று கேட்டாள்.

"எந்தக் கம்ப்யூட்டர்ல அண்ணி பொட்டு இல்ல? அவரு ஆபீஸ் கம்ப்யூட்டர்லயே இருந்திருக்கும். அதைப் போய் யாரு பார்ப்பா?"

"நீ பாரு."

செந்தமிழ் குனிந்தான். முதலில் சந்தனம் மட்டும் தெரிந்தது. பிறகு மேல் பொட்டு. பெட்டிமேல் ஒட்டியிருந்த பாதியில் நடுவில் குங்குமச் சிவப்பு இருந்தது. ஒயர்மேல் இருந்த பாதியில் வெறும் மஞ்சள். கீழே பார்த்தான். அங்கே பெட்டியில் வெறும் சந்தனம். ஒயரின் தலையில் அரை நிலாப் போலச் சிவப்பு.

"பொருத்தம் பார்க்காம கல்யாணம் பண்ணி வெச்ச மாதிரி இருக்குது" என்றவன், தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டு நிமிர்ந்தான். "அண்ணி! இது அதோட பாதி. அது இதோட பாதி!"

"அஞ்சம்மா பொட்டு வெச்சப்ப குங்குமம் வெச்ச ஒயரு மேல் ஓட்டையில இருந்திருக்கு. எங்க இருக்கணுமோ அங்க. சந்தனம் காய்ஞ்சு இறுகினதுக்கு அப்புறம் யாரோ ரெண்டையும் உருவி மாத்திச் சொருகியிருக்காங்க. பாரு, விளிம்புல உதிர்ந்திருக்கு."

ஏட்டும் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப அந்தம்மா மேல தப்பில்லை. கொலைங்கறீங்களா அண்ணி? மொதலாளி பொன்னுரங்கம்? சங்கு ஊதினா மிஷினை நிறுத்தணும், ஐஸ் போகாது, மீன்பிடி போட்டுக்காரங்க கத்துவாங்க. ஒயரை மாத்தினா சங்கு ஊமை!" செந்தமிழ் மேஜையைத் தட்டினான். பஞ்சிங் மிஷின் குதித்தது.

"மேஜையை அடிக்காத, சாட்சி." சந்திரலேகா நாலு கோணத்தில் படம் எடுத்தாள். பிறகு புள்ளிப் பலகையின் மேல் விரலை வைத்து நின்றாள். "மாத்தினாங்க. எப்ப மாத்தினாங்க? இந்த நாற்காலிக்காரரைக் கேக்கணும்."

ஞானசேகரன் வீடு ரயில்வே ஜங்ஷனுக்குப் பின் சந்து. ரேடியோவில் வயலும் வாழ்வும் மாதிரி ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. செருப்புச் சத்தத்தை வைத்தே, "ஒரு பொம்பளை, ஒரு குண்டு ஆளு. வாங்க" என்றார்.

"கொஞ்சம் சதைப்பற்றுன்னு சொல்லியிருக்கலாம் சார்" என்றான் செந்தமிழ்.

"என் வாசப்படி அப்பிடிச் சொல்லலையே தம்பி."

"போலீஸ் உங்ககிட்ட விசாரிச்சாங்களா சார்?" என்று கேட்டபடி சந்திரலேகா உட்கார்ந்தாள்.

"வந்தாங்கம்மா. வாசல்லயே நின்னு, 'நீங்க எதையும் பார்க்கலையே?'ன்னாங்க. 'இல்லைங்க, பொறந்ததுலருந்தே'ன்னேன். அதை எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க." சிரிக்கவில்லை அவர். "பக்கிரிதாம்மா டெய்லி என்னை ரோட்டைத் தாண்டி விடுவான். இப்ப நானே தாண்டறேன்."

"அன்னிக்கி காலையில உங்க பலகை வேலை செஞ்சுதா?"

"செஞ்சுதே! விஜயதசமி, புதுக் கணக்கு போடற நாளு. காலையிலருந்து அதான் வேலை. ஐஸ் எடுக்கற போட்டுக்காரங்க பேரெல்லாம் தடவிக்கிட்டு வந்தேன். சுரேந்தர்னு ஒரு பையன். 'சுரேந்' வரைக்கும் விரல்ல வந்துது. 'தர்' வர்றதுக்குள்ள மூக்குல வந்துடுச்சு." கை தானாக மூக்கைத் தொட்டது. "கத்தினேன். சங்கு ஊதுலயேன்னு நெனைச்சுக்கிட்டே கத்தினேன். யாரோ கையைப் புடிச்சு இழுத்துட்டு வெளிய ஓடினாங்க. பக்கிரி உள்ள இருக்கான்னு சொன்னேம்மா. எல்லார்கிட்டயும் சொன்னேன். நான் கைகாட்டின பக்கம் சரியான பக்கமான்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல."

ரேடியோவை யாரும் நிறுத்தவில்லை. அது நெல்லுக்கு எப்போது உரம் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

"வாடை வர்ற வரைக்கும் பலகை எழும்பிக்கிட்டுத்தான் இருந்துது. நிச்சயமா?" என்றாள் சந்திரலேகா.

"கண்ணால பார்த்த மாதிரி" என்றார் ஞானசேகரன்.

வெளியே வந்து பைக்கை உதைத்த செந்தமிழுக்கு மண்டை சூடாகியிருந்தது. "ஒயரு மாறினா ரெண்டும் சாகணும். பலகை சாகல. அப்ப கேஸ் கசியும்போது ஒயரு சரியாத்தான் இருந்திருக்கு. பக்கிரி போனதுக்கு அப்புறம் யாரோ ரூமுக்குள்ள போய் மாத்தியிருக்காங்க. எதுக்கு அண்ணி? செத்ததுக்கு அப்புறம் மாத்தி என்னா பிரயோஜனம்? பொன்னுரங்கத்துக்கு மறை கழண்டுடுச்சா?"

"சிதம்பரம் போ."

"பொன்னுரங்கம் வீடு இங்கதான..."

"சிதம்பரம் போடா."

அண்ணி 'டா' போட்டால் வழியில் பேச்சு கிடையாது. ஆலப்பாக்கம் தாண்டிப் புதுச்சத்திரம் வரைக்கும் அவள் பேசியதெல்லாம் போனில் இன்ஸ்பெக்டரோடு மட்டும்தான். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. பரங்கிப்பேட்டை பிரிவில் லாரிக்காக நின்றபோது ஒரு வாக்கியம் மட்டும் காதில் விழுந்தது: "இருக்கான்னு பார்க்காதீங்க சார், எப்ப வந்துதுன்னு பார்க்கச் சொல்லுங்க."

தெற்கு வீதியில் அருண்பாண்டியன் கடை. வெயில் இறங்கி, வீதியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். அவற்றிலும் சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது.

"வாங்க மேடம். வாடா மச்சான்." அருண்பாண்டியன் எழுந்து ஸ்டூலைத் துடைத்தான். "என்னா ஆச்சு?"

"நல்ல சேதிதான்" என்றாள் சந்திரலேகா. "ஒயரை மாத்தினது அஞ்சம்மா இல்ல."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு, இறங்க ஸ்டாப் தெரியாத பிரயாணி போல, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"அப்ப... யாரு மேடம்?"

"அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். ஒயரு மாறினா ரெண்டுமே செத்துடும்னீங்க."

"ஆமா மேடம். கண்டிப்பா."

"ஒயரு சரியா இருக்கு. நீங்க எழுதின அந்த வரி மட்டும் இல்ல. அப்ப என்ன ஆகும்?"

தெரியாத மாணவனுக்குப் பின் பெஞ்சிலிருந்து சொல்லிக் கொடுக்கிற பழைய வழக்கத்தில், செந்தமிழ்செல்வன்தான் முந்திக்கொண்டான்.

"முரட்டு கண்டக்டர் ரெண்டு பேரையும் ஏத்திக்குவான் அண்ணி. பலகை பாட்டுக்கு வேலை செய்யும். சென்சாரு மட்டும்..."

அவன் வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. நண்பன் பக்கம் திரும்பினான்.

"மச்சான்?" என்றான்.

"ஞானசேகரன் சாரு வாடை வர்ற வரைக்கும் படிச்சுக்கிட்டு இருந்திருக்காரு" என்றாள் சந்திரலேகா.

"அவர்கிட்ட... போலீஸ் அதையெல்லாம் கேக்கலையே" என்றான் அருண்பாண்டியன். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது அவனுக்கு. ஸ்டூலைத் தேடி, தானே அதில் உட்கார்ந்தான்.

"நான் சொல்றேன். தப்பா இருந்தா நிறுத்துங்க. பூஜைக்கு மிஷின் சும்மாத்தான இருக்குன்னு, இங்க இருந்தே அந்தக் கம்ப்யூட்டருக்கு அப்டேட் போட்டீங்க. கெர்னல் புதுசாச்சு. உங்க வரி அதுல அழிஞ்சு போச்சு."

"எப்பவும் அழியும் மேடம்." குரல் தரையைப் பார்த்துப் பேசியது. "எப்பவும் அழியும், நான் எப்பவும் திரும்பப் போட்டுடுவேன். அன்னிக்கி இங்கயும் பூஜை. தெருவே வந்து நின்னுச்சு. பொரி கடலை குடுத்துட்டு, பூசணிக்காய் உடைச்சுட்டு... அப்டேட் முடிஞ்சுதுன்னு வந்துது, லேப்டாப்பை மூடிட்டுப் பொட்டு வெச்சுட்டேன். பொட்டு வெச்சா மறுநாள் வரைக்கும் தொறக்கக் கூடாதுன்னு எங்கம்மா. காலையில போட்டுக்கலாம்னு இருந்தேன். காலையில மறந்துட்டேன். வேற ஒண்ணுமில்ல மேடம். மறந்துட்டேன்."

"மொதலாளி போன் பண்ணினதும் ஞாபகம் வந்துது."

"வந்துது."

"போனீங்க. ஆபீஸ் ரூம்ல உக்காந்து மொதல்ல வரியைத் திரும்ப எழுதினீங்க. அது இருந்தா, சங்கு ஏன் ஊதலைங்கறதுக்கு வேற காரணம் வேணும். அதனால ஒயரை உருவி மாத்தினீங்க."

"யார் மேலயும் போடணும்னு செய்யல மேடம். ஒயரு மேலதான் போட்டேன். ஒயருன்னா ஏதோ ஆக்சிடெண்டுன்னு விட்டுடுவாங்கன்னு... யாரு சொருவினாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதா?" சந்திரலேகாவின் குரல் ஏறவே இல்லை. "அன்னிக்கே வாசல்ல அவளுக்குத் தண்ணி குடுத்தீங்க. 'கை தவறுறதுதானே'ன்னு சொன்னீங்க. ஒயரு மாறியிருக்குன்னு ஊருக்குத் தெரிஞ்சது பாலுக்கு அப்புறம். கை தவறினது உங்களுக்கு மட்டும் எப்படி முன்னாடியே தெரியும்?"

செந்தமிழ்செல்வன் நண்பனைப் பார்த்தான். பாலிடெக்னிக் பரீட்சையில் தன் பேப்பரைக் காட்டிச் செந்தமிழைப் பாஸ் பண்ண வைத்த அதே முகம். கண் நிஜமாகத்தான் கலங்கியிருந்தது. அன்றைக்கும் நிஜமாகத்தான் கலங்கியிருக்கும். அதுதான் செந்தமிழுக்குத் தாங்கவில்லை.

"மறந்துட்டேன்னு சொல்லியிருக்கலாமேடா" என்றான். "ஜெயிலுக்குப் போயிருந்தாலும் மனுஷனா வந்து பார்த்திருப்பேனே. அந்தப் பொம்பளை தன் கையைத் தானே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்குடா."

"போயிருவேன்னு பயம்டா மச்சான். வேற என்னா?"

"இன்ஸ்பெக்டர் வந்துக்கிட்டிருக்காரு" என்றாள் சந்திரலேகா. "வரி இருக்கான்னுதான் எக்ஸ்பர்ட்டு பார்த்திருக்காரு. அது எப்ப எழுதினதுன்னு இப்ப பார்க்கறாங்க. பக்கிரி போனதுக்கு அப்புறம் எழுதினதுன்னு மிஷினே சொல்லிடும். பொட்டுப் படமும் அனுப்பியாச்சு."

அவள் செல்போனை எடுத்து, நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து மேஜை நடுவில் வைத்தாள். அந்தப் பக்கம் முதலில் காற்று. பிறகு தூரத்தில் யாரோ பந்தலுக்குக் கம்பு அடிக்கிற சத்தம்.

"அஞ்சம்மா, நான் சந்திரலேகா. நல்லாக் கேளு. நீ சரியாத்தான் சொருவியிருந்த. உன் கை எந்தத் தப்பும் செய்யல. நீ வெச்ச பொட்டே காட்டிக் குடுத்துடுச்சு."

சந்திரலேகா போனை நோக்கிக் குனிந்தாள்.

"கேக்குதா? குங்குமம் தீந்ததுதான் உன்னைக் காப்பாத்துச்சு. சின்னையன்கிட்ட இன்ஸ்பெக்டரே பேசுவாரு. நாளைக்கு நீ தூரமா நிக்க வேணாம். உன் புருஷனுக்கு நீதான் சோறு வைக்கப் போற."

கம்பு அடிக்கிற சத்தம் நின்றது, மறுபடி ஆரம்பித்தது. அதற்கு நடுவில் ஒரு மூச்சு உடைந்தது. அழுகையா என்று சொல்ல முடியாது. ரொம்ப நாள் தூக்கி வைத்திருந்ததைக் கீழே வைக்கும்போது வருகிற சத்தம்.

"நெசமாவா யக்கா?"

"நெசம்தான்."

"யக்கா... அப்ப ஒண்ணு செய்யறீங்களா?" அஞ்சம்மாளின் குரல் அவசர அவசரமாக வந்தது. "அந்தச் சிதம்பரத்துத் தம்பிகிட்டயும் சொல்லிடுங்க யக்கா. என்னைப் பார்த்து அதுவும் அன்னிக்கி அழுதுச்சு, பாவம். என் மேல தப்பில்லைன்னு கேட்டா அதுக்கும் மனசு ஆறிடும்."

செந்தமிழ்செல்வன் வீதியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

சந்திரலேகா போனை மேஜைமேல் அருண்பாண்டியன் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.

"நீங்களே சொல்லுங்க" என்றாள்.